பெப்பர்மின்ட் ஐஸ்கிரீம்: நாக்கை இரண்டு முறை ஏமாற்றும் டிசம்பர் ருசி!

வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. சாலையோரம் நிற்கும் கார்களின் மேல் வெள்ளைப் போர்வை போர்த்தியதுபோல் பனி படிந்திருக்கிறது. கையுறை, குல்லா, மூன்றடுக்குச் சட்டை என்று மூட்டையாக நடந்துவரும் மனிதர்கள், சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் போய் நிற்கும் இடம் எது தெரியுமா? ஐஸ்கிரீம் ஃப்ரீசர்!

அமெரிக்காவில் டிசம்பர் மாதம் சகஜமாகப் பார்க்கக்கூடிய காட்சி இது. 'இந்தக் குளிரில் ஐஸ்கிரீமா?' என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கோ, 'இப்போது விட்டால் அடுத்த டிசம்பர்தான் கிடைக்கும்' என்ற கவலை.

அவர்கள் தேடி எடுக்கும் டப்பாவில் இருப்பது பெப்பர்மின்ட் ஐஸ்கிரீம். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவார்களே, கைத்தடிபோல் மேலே வளைந்த, சிவப்பும் வெள்ளையும் கலந்த கோடு போட்ட மிட்டாய்... 'கேண்டி கேன்' என்று பெயர். அந்த மிட்டாயின் ருசியை அப்படியே ஐஸ்கிரீமில் இறக்கி, மிட்டாயையும் நொறுக்கிப் போட்டிருப்பார்கள். நவம்பர் மாத நான்காவது வியாழக்கிழமை வரும் 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகையை ஒட்டிக் கடைகளுக்கு வரத் தொடங்கும். புத்தாண்டு முடிந்தால் மெல்ல மெல்லக் காணாமல் போய்விடும்.

அமெரிக்காவில் ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு மிட்டாய் உண்டு. அந்த மிட்டாய்களை வைத்து ஐஸ்கிரீம் நிறுவனங்கள் புதிது புதிதாக எதையாவது செய்து பார்த்தபடியே இருக்கின்றன. பல ருசிகள் ஒரு வருடம் வரும். அடுத்த வருடம் ஆளே இருக்காது. ஆனால், பெப்பர்மின்ட் மட்டும் டிசம்பர் தவறாமல் திரும்பி வருகிறது. பண்டிகைப் பாசம் மட்டுமே இதற்குக் காரணமில்லை. நம் வாய்க்குள் நடக்கும் ஒரு வேடிக்கையும் காரணம். அந்த வேடிக்கையில் கொஞ்சம் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது!

முதல் ஸ்பூன்

டப்பாவைத் திறந்ததும் கண்ணில் படுவது நிறம். சில நிறுவனங்களின் ஐஸ்கிரீம் தூய வெள்ளையாக இருக்கும், சிலவற்றில் இளஞ்சிவப்பு. நடுநடுவே சிவப்புப் பொட்டுகள். அந்தப் பொட்டுகளைச் சுற்றி, ஈரத் துணியில் குங்குமம் பட்டதுபோல் நிறம் கசிந்திருக்கும்.

சர்க்கரை மிட்டாய்க்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஐஸ்கிரீமில் இருக்கும் தண்ணீரை அது மெல்ல மெல்ல உறிஞ்சும். மேற்பரப்பு கரையும், நிறம் வெளியே வரும். அதனால், புதிதாக வந்த டப்பாவில் மிட்டாய் 'நறுக் நறுக்' என்று கடிபடும். நாளானால் அதே மிட்டாய் மெத்தென்று, ஜவ்வு மிட்டாய் பதத்துக்கு வந்துவிடும். இதைத் தடுக்க, மிட்டாய்த் துண்டுகளின் மேல் கொழுப்புப் பூச்சு கொடுத்துச் சேர்ப்பதும் உண்டு. 'கரைந்து இளகினால்தான் அழகு' என்று அந்த இளகிய பதத்துக்காகவே காத்திருந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு.

இப்போது ஒரு ஸ்பூன். வாயில் வைத்ததும் முதலில் தெரிவது பாலும் க்ரீமும். இனிப்பு மென்மையாகத்தான் இருக்கும். இரண்டு, மூன்று நொடிகள் கழித்து மின்ட் எழும்பும். நாக்கின் நடுவில் ஆரம்பித்து, மேல் அண்ணத்துக்குப் போய், மூக்குக்குள் ஏறும். பல்லுக்கு நடுவில் மிட்டாய்த் துண்டு நொறுங்கும்போது மின்ட் வாசனை இன்னொரு முறை வரும். விழுங்கிய பிறகு ஒரு மூச்சை உள்ளே இழுத்தால் போதும்... தொண்டைவரை ஜில்லென்று காற்று போகும். ஐஸ்கிரீம் வயிற்றுக்குப் போய்விட்டது. குளிர் மட்டும் வாயில் உட்கார்ந்திருக்கிறது!

வெனிலாவோ சாக்லேட்டோ சாப்பிட்டால் இந்தக் கடைசிக் காட்சி கிடையாது.

மிட்டாய்க்காரரும் ஐஸ்கிரீம்காரரும்

மிட்டாயை ஐஸ்கிரீமில் போடும் பழக்கத்துக்கு நல்ல வயதாகிவிட்டது. கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லண்ட் நகரில் 1928-ல் இருவர் கூட்டாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ஒருவர் ஐஸ்கிரீம் செய்கிற வில்லியம் டிரையர். இன்னொருவர் மிட்டாய் செய்கிற ஜோசப் ஈடி. ஈடி செய்த ஒரு மிட்டாயைப் பார்த்துத்தான் டிரையருக்கு அந்த யோசனை வந்தது என்பார்கள். சாக்லேட் ஐஸ்கிரீமில் வால்நட்டையும் மார்ஷ்மெல்லோவையும் சேர்த்தார். பெரிய மார்ஷ்மெல்லோவைச் சின்னச் சின்னதாக நறுக்க, மனைவியின் தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார் என்பது அந்த நிறுவனம் சொல்லும் கதை.

1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து, நாடே தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்த நேரம். அந்த ஐஸ்கிரீமுக்கு 'ராக்கி ரோடு' என்று பெயர் வைத்தார்கள். கரடுமுரடான பாதை என்று பொருள். கஷ்டகாலத்தில் மக்களைக் கொஞ்சம் சிரிக்கவைக்கத்தான் அந்தப் பெயராம். இந்த ருசியை முதலில் செய்தது நாங்கள்தான் என்று அதே ஊரின் இன்னொரு கடையும் உரிமை கொண்டாடுகிறது. யார் செய்திருந்தால் என்ன, மெத்தென்ற ஐஸ்கிரீமுக்குள் கடிக்க ஏதாவது அகப்பட வேண்டும் என்ற ஆசை அமெரிக்கர்களுக்கு ஒட்டிக்கொண்டது.

அந்த ஆசையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவர்கள் 'பென் அண்ட் ஜெர்ரிஸ்' நிறுவனத்தார். 5 டாலர் கட்டணத்தில் தபால் வழியாக ஐஸ்கிரீம் செய்யும் படிப்பைப் படித்துவிட்டு, 1978-ல் வெர்மான்ட் மாநிலத்தில் கடை போட்ட நண்பர்கள் இவர்கள். இவர்களில் பென் கோஹனுக்கு வாசனை அறியும் திறன் மிகக் குறைவு. வாசனை தெரியாவிட்டால் பாதி ருசி தெரியாது. அதனால், பல்லில் என்ன கடிபடுகிறது என்பதே அவருக்கு முக்கியமாகிப் போனது. பெரிய பெரிய மிட்டாய்த் துண்டுகளும் பிஸ்கட் துண்டுகளும் அவர்களுடைய ஐஸ்கிரீமின் அடையாளமானது இப்படித்தான். ஒருவருடைய குறை, லட்சக்கணக்கானவர்களுக்கு விருந்தாகிவிட்டது!

வளைந்த மிட்டாயின் கதை

கேண்டி கேன் எப்படி வந்தது? ஜெர்மனியின் கொலோன் நகரத் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்தியவர், பிரார்த்தனை நேரத்தில் குழந்தைகள் சத்தம் போடாமல் இருக்க, மேய்ப்பனின் கோல் வடிவத்தில் மிட்டாய் செய்து கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், ஆதாரம் எதுவும் இல்லை.

ஆதாரத்தோடு கிடைப்பது ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரக் கதை. அங்கே பாப் மெக்கார்மக் என்பவர் 1919-ல் மிட்டாய்த் தொழில் தொடங்கினார். சூடாக இருக்கும்போதே சர்க்கரைக் குச்சியைக் கையால் வளைக்க வேண்டும். ஆறிவிட்டால் உடைந்துவிடும். இப்படி உடைந்தே வீணானவை ஏராளம். அவருடைய மைத்துனர் கிரகரி கெல்லர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1950-களில், மிட்டாயை வளைக்கும் வேலைக்கு அவர் ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். அதன் பிறகுதான் கேண்டி கேன் மூலை முடுக்குக் கடைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

உடைவதுதான் இந்த மிட்டாயின் தீராத பிரச்னை. ஐஸ்கிரீமைப் பொறுத்தவரை அது பிரச்னையே இல்லை. எப்படியும் நொறுக்கித்தானே போட வேண்டும்!

முதல் ஏமாற்று: இல்லாத குளிர்

பெப்பர்மின்ட் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு சாதாரணத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர்போல் ஜில்லென்று இருக்கும். தண்ணீரின் வெப்பநிலை மாறவில்லை. மாறியது உங்கள் நாக்கு.

நம் வாயிலும் தோலிலும் இருக்கும் நரம்பு நுனிகளில் குளிரை உணர்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. அதன் பெயர் டிஆர்பிஎம்8. இதை ஒரு சின்னக் கதவு என்று வைத்துக்கொள்ளலாம். வெப்பநிலை சுமார் 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும்போது கதவு திறக்கும். உடனே, 'குளிர்கிறது' என்று மூளைக்குத் தகவல் போகும். பெப்பர்மின்ட்டில் உள்ள மெந்தால் என்ற பொருள், அந்தக் கதவைக் குளிரே இல்லாமல் திறந்துவிடும். ஏற்கெனவே குளிர் இருந்தால், கதவை இன்னும் அகலமாகத் திறக்கும்.

அமெரிக்க விஞ்ஞானிகள் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகியோரின் குழுக்கள் 2002-ல் தனித்தனியாக இந்தக் கதவைக் கண்டுபிடித்தன. இரண்டு குழுக்களும் அதைத் தேடிப் பிடிக்கத் தூண்டிலாகப் பயன்படுத்தியது மெந்தாலைத்தான்! வெப்பநிலையையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக, 2021-ம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இந்த இருவருக்கும் கிடைத்தது.

மிளகாயைக் கடித்தால் வாய் 'எரிகிறதே', அங்கே நெருப்பா இருக்கிறது? சூட்டை உணரும் கதவை மிளகாயில் இருக்கும் காரப்பொருள் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். மெந்தால் செய்வது அதற்கு நேரெதிர் வேலை.

'அப்படியானால் புதினா சட்னி சாப்பிட்டால் ஏன் ஜில்லென்று இல்லை?' என்ற கேள்வி வரலாம். நியாயமான கேள்வி! நம் சமையலறைப் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகை. அதன் வாசனைக்குக் காரணம் கார்வோன் என்ற வேறு பொருள். மெந்தால் மிகக் குறைவு. பெப்பர்மின்ட் என்பது ஸ்பியர்மின்ட்டும் நீர்ப்புதினாவும் கலந்து உருவான கலப்பினச் செடி. அதன் எண்ணெயில் மெந்தால்தான் பிரதானம்.

மெந்தால் உலகத்தில் இந்தியாவுக்கு ஒரு பெருமையும் உண்டு. மெந்தால் எடுப்பதற்கென்றே வளர்க்கப்படும் புதினா வகை ஒன்று இருக்கிறது. அதன் எண்ணெயை உலகிலேயே அதிகம் உற்பத்தி செய்வது நம் நாடுதான். உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டமும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் இதற்குப் பெயர்போனவை. நாம் நெற்றியில் தடவும் தைலத்தில் இருந்து வெளிநாட்டு மிட்டாய், டூத்பேஸ்ட் வரை மெந்தால் போய்ச் சேராத இடமில்லை.

ஆக, பெப்பர்மின்ட் ஐஸ்கிரீமில் நிஜக் குளிரும் பொய்க் குளிரும் ஒன்றுசேர்கின்றன. மற்ற பெரும்பாலான பண்டிகை மிட்டாய்களால் இது முடியாது. இந்த ருசி மட்டும் ஆண்டுதோறும் தாக்குப்பிடிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆச்சியும் ஒரு கிண்ணமும்

நியூஜெர்சி மாநிலத்தின் எடிசன், இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் ஊர். அங்கே ஒரு திருநெல்வேலிக் குடும்பத்தின் சமையலறையைக் கற்பனை செய்துகொள்வோம். மகள் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார் ஆச்சி. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். பத்து வயதுப் பேத்தி, பெப்பர்மின்ட் ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்து நிற்கிறாள்.

"ஆச்சி, ஒரே ஒரு ஸ்பூன் சாப்பிட்டுப் பாருங்களேன். ப்ளீஸ்!"

"இந்தப் பனியில ஐஸா? தொண்ட கட்டிக்கிடும், போட்டீ."

பேத்தி விடுவாளா? ஒரு ஸ்பூன் ஆச்சியின் வாய்க்குள் போகிறது. ஆச்சி கண்ணை மூடுகிறார். பிறகு சிரிக்கிறார்.

"ஏட்டி, இது நம்மூரு சூட மிட்டாயில்லா! பள்ளிக்கூடத்து வாசல்ல விப்பாங்களே, வாயில போட்டுக்கிட்டு மூச்ச இழுத்தா ஜில்லுனு காத்து போவுமே, அதேதான்!"

பெட்டிக்கடை பாட்டிலில் வெள்ளை வெள்ளையாக அடுக்கி இருந்த சூட மிட்டாயை நினைவிருக்கிறவர்களுக்கு ஆச்சி சொல்வது புரியும். பெயரில் சூடம், ருசியில் மின்ட். வாயில் போட்டதும் ஊதிக்காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ளாத பிள்ளைகள் உண்டா?

ஒரு ஸ்பூன், ஒரு கிண்ணமாகிறது. மகள் கவனித்துவிடுகிறாள்.

"அம்மா, ஒனக்கு சுகர் இருக்கு. ரெண்டு ஸ்பூனுக்கு மேல வேண்டாம்."

"இதுல இனிப்பே கொஞ்சமாத்தான் இருக்குட்டீ. ஜில்லுனுதான் இருக்கு. ஒண்ணும் ஆவாது."

அந்த நேரம் பார்த்து ஊரில் இருந்து ஆச்சியின் தம்பி போன் செய்கிறார். வீட்டுப் பேச்சு, கோயில் கொடை, வெள்ளாமை என்று அரைமணி நேரம் போகிறது. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது. கிண்ணத்தில் இருந்தது உருகி இளஞ்சிவப்புப் பாலாகிவிட்டது. வீணாக்குவானேன் என்று ஆச்சி அதை எடுத்து ஒரு வாய் குடிக்கிறார்.

"யம்மாடி! என்ன இது, பாயசத்தவிட இனிக்கி!"

கிண்ணம் அப்படியே கீழே வைக்கப்படுகிறது.

இரண்டாவது ஏமாற்று: மறையும் இனிப்பு

ஆச்சி போனில் பேசிய அரைமணி நேரத்தில் யாரும் அந்தக் கிண்ணத்தில் சர்க்கரை சேர்க்கவில்லை. இருந்த சர்க்கரைதான். குளிரில் ஒளிந்திருந்தது, குளிர் போனதும் வெளியே வந்துவிட்டது.

நாக்கில் இனிப்பை அறியும் செல்களுக்குள் டிஆர்பிஎம்5 என்று இன்னொரு கதவு இருக்கிறது. இனிப்புத் தகவல் மூளைக்குப் போக இந்தக் கதவு திறந்தாக வேண்டும். இது சூட்டில் நன்றாகத் திறக்கும், குளிரில் மந்தமாகிவிடும். 2005-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஒரே அளவு சர்க்கரை, 35 டிகிரியில் தித்திக்கும். 15 டிகிரியில் சுமாராகத்தான் தெரியும். ஐஸ்கிரீமோ பூஜ்யத்துக்கும் கீழே உறைந்திருக்கும் பண்டம்!

அதனால்தான் ஐஸ்கிரீமில் சர்க்கரையை அள்ளிப் போட வேண்டியிருக்கிறது. சாதாரணமாக ஐஸ்கிரீம் கலவையின் எடையில் சுமார் 15 சதவிகிதம் சர்க்கரை. இதை நம் வீட்டு காபியில் வைத்துப் பார்ப்போமா? 150 மில்லி காபியில் ஐந்தரை டீஸ்பூன் சர்க்கரை போட்டதற்குச் சமம். அப்படி ஒரு காபியை யாராவது கொடுத்தால், ஒரு வாய் குடித்ததும் முகம் சுளிப்போம். ஐஸ்கிரீம் என்றால் இரண்டாவது கப் கேட்கிறோம்.

சர்க்கரையைக் குறைத்தால் என்ன என்று கேட்கலாம். ருசிக்காக மட்டும் அங்கே சர்க்கரை இல்லை. தண்ணீர் முழுவதும் கட்டியாக உறைந்துவிடாமல் தடுப்பதும் அதன் வேலை. சர்க்கரையைக் கண்டபடி குறைத்தால் ஸ்பூன் இறங்காத பனிக்கட்டிதான் கிடைக்கும். மிட்டாய் போட்ட ஐஸ்கிரீமில் இந்தச் சர்க்கரைக்கு மேல் மிட்டாயின் சர்க்கரையும் சேர்கிறது. மிட்டாய் என்பதே கிட்டத்தட்ட முழுச் சர்க்கரைதானே!

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மெந்தால், இருக்கிற குளிரை அதிகமாகக் காட்டுகிறது. குளிர், இருக்கிற இனிப்பைக் குறைவாகக் காட்டுகிறது. சாப்பிட்ட பிறகு வாய் புத்துணர்ச்சியாக இருப்பதால், திகட்டிய உணர்வும் எளிதில் வருவதில்லை. 'போதும்' என்று சொல்ல வேண்டிய நாக்கு, 'இன்னும் ஒரு ஸ்பூன்' என்கிறது. குழந்தைகளுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஐஸ்கிரீம் எடுத்துவைக்கும்போது நாக்கின் தீர்ப்பை நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

டப்பாவைத் திருப்புங்கள்

நாக்கை நம்ப முடியாது என்றால், வேறு எதை நம்புவது? டப்பாவின் பின்பக்கத்தை!

அமெரிக்க டப்பாக்களில் 'ஒரு பரிமாறல்' என்பது முன்பெல்லாம் அரை கப்பாக இருந்தது. மக்கள் உண்மையில் அதைவிட அதிகமாகத்தான் சாப்பிடுகிறார்கள் என்பதால், 2016-ல் அறிவிக்கப்பட்ட விதிகளில் அது மூன்றில் இரண்டு கப் என்று மாற்றப்பட்டது. 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' எவ்வளவு என்று தனியே ஒரு வரியும் கட்டாயமானது. அந்த அளவு ஐஸ்கிரீமில் 20 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருந்தால், அது 5 டீஸ்பூன். உடலுக்கு நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோ, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம். ஒரு சின்னக் கிண்ணத்திலேயே கணக்கு முடியப் பார்க்கிறது!

நம் ஊரில் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்றும் உண்டு. டப்பாவில் 'ஐஸ்கிரீம்' என்று இருக்கிறதா, 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஐஸ்கிரீமில் குறைந்தது 10 சதவிகிதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். கொழுப்பு குறைந்த வகை என்றால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். ஃப்ரோசன் டெசர்ட் என்பதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும். சட்டப்படி இரண்டும் விற்கலாம். ஆனால், இரண்டும் ஒன்றல்ல.

அடுத்தது நிறம். இளஞ்சிவப்பைப் பார்த்தால் குழந்தைகள் கை நீட்டுவார்கள். 'ரெட் 3' என்ற சாயத்துக்கு உணவில் இருந்த அனுமதியை அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் ரத்து செய்தது. உணவு நிறுவனங்கள் மாறிக்கொள்ள 2027 ஜனவரி வரை அவகாசம். எரித்ரோசின் என்று இந்தியாவில் சொல்லப்படும் சாயம்தான் அது. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். அங்கே பிடிபட்ட ரோடமின்-பி, உணவுச் சாயமே அல்ல. துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம். மின்ட்டுக்கு இயற்கையில் சிவப்பு நிறம் கிடையாது. மின்ட் ருசிக்குச் சிவப்பு தேவையே இல்லை. நிறம் போடாத வெள்ளை ஐஸ்கிரீமிலும் ருசி ஒரு துளிகூடக் குறையாது.

வீட்டிலேயே ஒரு ருசிப் பரிசோதனை

இந்த ருசியைப் பார்க்க விமானம் ஏற வேண்டாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கேயும் பெரிய கடைகளிலும் பேக்கரிகளிலும் கேண்டி கேன் தலைகாட்டுகிறது. அது கிடைக்காவிட்டால், கடினமான பெப்பர்மின்ட் மிட்டாய் எதுவானாலும் சரி.

நல்ல வெனிலா ஐஸ்கிரீம் ஒரு கப் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் வெளியே வைத்துச் சற்று இளகவிடுங்கள். இரண்டு மிட்டாய்களைச் சுத்தமான துணியில் முடிந்து, பூரிக்கட்டையால் தட்டுங்கள். மாவாக்கிவிடாமல், கடுகு அளவிலும் மிளகு அளவிலும் கலந்து இருந்தால் நல்லது. கிளறி, மூடி, மறுபடி ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம். வேறு எசென்ஸோ நிறமோ தேவையில்லை. மிகச் சிறிய குழந்தைகள் உள்ள வீட்டில், மிட்டாய்த் துண்டு தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. அவர்களுக்கு மிட்டாய் இல்லாத ஐஸ்கிரீமே போதும்.

இப்போது பிள்ளைகளை உட்காரவைத்துப் பரிசோதனையை ஆரம்பியுங்கள்.

முதலில், மிட்டாய் போடாத வெனிலா ஒரு ஸ்பூன். அடுத்து, மிட்டாய் கலந்தது ஒரு ஸ்பூன். எது அதிகமாகக் குளிர்கிறது என்று கேளுங்கள். இரண்டும் ஒரே ஃப்ரீசரில் இருந்துதான் வந்தன என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

பிறகு, மிட்டாய் கலந்ததில் இரண்டு ஸ்பூனைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து முழுவதும் உருகவிடுங்கள். உறைந்தது ஒரு ஸ்பூன், உருகியது ஒரு ஸ்பூன். நடுவில் வாயைக் கொப்பளித்துக்கொள்ளலாம். எது அதிகமாக இனிக்கிறது? ஆச்சிக்கு எடிசனில் ஏற்பட்ட ஆச்சரியம், உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே நடக்கும். 'ஐஸ்கிரீமில் சர்க்கரை அதிகம், சாப்பிடாதே' என்று நூறு முறை சொல்வதைவிட, உருகிய அந்த ஒரு ஸ்பூன் நன்றாகப் பாடம் நடத்தும்.

வருடத்துக்கு ஒருமுறை போதுமே!

'சீசனில் மட்டும்' என்ற வார்த்தை நம்மை அவசரப்படுத்தவே எழுதப்படுகிறது. தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஒன்றுக்கு மூன்று டப்பாவாக வாங்கி அடுக்குகிறவர்கள் உண்டு. ஆனால், அதே வார்த்தையில் நமக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. தீபாவளி அதிரசமும், கார்த்திகைப் பொரி உருண்டையும், மார்கழிக் கோயில் பொங்கலும் வருடம் முழுக்க நம் தட்டில் இருப்பதில்லை. அந்தந்த நாள் வரும், ஆசையாகச் சாப்பிடுவோம், அடுத்த வருடம்வரை காத்திருப்போம். அந்தக் காத்திருப்பும் ருசியில் பாதி.

பெப்பர்மின்ட் ஐஸ்கிரீமையும் அதே கணக்கில் வைத்துக்கொண்டால் பிரச்னையே இல்லை. ஃப்ரீசரில் இருந்து எடுத்ததும் அவசரப்படாமல் ஐந்து நிமிடம் பொறுங்கள். சின்னக் கிண்ணம், சின்ன ஸ்பூன் எடுங்கள். மிட்டாய்த் துண்டு கடிபடும்வரை மெதுவாகச் சாப்பிட்டு, கடைசியில் ஒரு மூச்சை உள்ளே இழுத்து அந்த ஜில்லென்ற காற்றையும் ரசியுங்கள். டப்பாவை மட்டும் மேஜையிலேயே விட்டுவிடாமல், பரிமாறியதும் மூடி உள்ளே வைத்துவிடுங்கள். இரண்டாவது கிண்ணத்தைக் கேட்பது நாக்கு. அது எப்படியெல்லாம் ஏமாறும் என்பதுதான் இப்போது நமக்குத் தெரியுமே!